எரிந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு: புரட்சிக்கால நோட்டு சேர்ப்பவர்களுக்கு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் பழம்பணம் சேர்க்கும் தமிழர்கள் கொஞ்சப் பேர் உண்டு. பெரும்பாலும் காசில் தொடங்கியவர்கள். அதற்குக் காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. பாலக்காடும் கொல்லங்கோடும் பிரிட்டிஷ் மலபாரில் இருந்தன, கிழக்கே கோவை ஜில்லா. அதனால் ஒரே வீட்டுப் பெட்டியில் புத்தன் என்ற கொச்சிக் காசும் கம்பெனி ரூபாயும் சேர்ந்து கிடைக்கும். காசிலிருந்து நோட்டுக்கு நகர்ந்து, அப்புறம் புரட்சி நடந்த நாடுகளில் அச்சான புரட்சிக்கால நோட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர் முதலில் திகைப்பது விலையைப் பார்த்துத்தான்.

1792-ஆம் ஆண்டுத் தேதியிட்ட பிரெஞ்சு 10 சூ (சூ அன்றைய பிரெஞ்சுச் சில்லறை) நோட்டு ஒன்றைச் சுமாரான நிலையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிவிடலாம். ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய நூறு ரூபாய் நோட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். "ஏனுங்கண்ணா, இருநூத்து முப்பது வருசப் பழசு இத்தனை சல்லிசா?" என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். போலியாக இருக்கும் என்பதுதான் அவர்களே சொல்லிக்கொள்ளும் பதில். பெரும்பாலும் அது அசல் நோட்டாகவே இருக்கும்.

ஒரு புரட்சி நோட்டின் விலையில் அதன் வயதுக்குப் பங்கு குறைவு. அந்தப் புரட்சி எவ்வளவு பெரியது என்பதற்கும் பங்கு குறைவு. அந்த நோட்டு எப்படிச் செத்தது, அதாவது எந்த விதத்தில் செல்லாமல் போனது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். நம் எல்லையோர லாட்டரிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்த பிறகு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோபாலபுரம் வந்து சீட்டு வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். பரிசு விழுந்த சீட்டு அரசாங்கத்திடம் திரும்பிப் போய்விடுகிறது, விழாதது சாக்கடைக்குப் போகிறது. பிற்காலத்துக்குக் கட்டுக்கட்டாக மிஞ்சக்கூடியது விற்காமல் கிடந்த சீட்டுத்தான். நோட்டுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு.

பிரான்சில் தொடங்கலாம், ஏனென்றால் அங்கே இது பெரிய அளவில் நடந்தது. 1789-இல் அரசாங்கக் கஜானா காலி. நவம்பர் 2-இல் திருச்சபையின் நிலங்களைத் தேசத்தின் சொத்து என்று அறிவித்தார்கள். நிலத்தை உடனே விற்றுக் காசாக்க முடியாது, செலவோ உடனே வந்து நிற்கிறது. எனவே டிசம்பரில் 40 கோடி லிவ்ருக்கு (லிவ்ர் அன்றைய பிரெஞ்சுப் பண அலகு) அசிஞ்ஞா என்ற பத்திரம் வெளியிட முடிவானது. முதலில் அது பணமே இல்லை. 1,000 லிவ்ர் மதிப்பு, 5 சதவீத வட்டி, நிலம் வாங்குகிறவர் அதைக் கொடுத்து வாங்கலாம், திரும்பி வந்த தாளை எரித்துவிட வேண்டும். யோசனை நேர்மையானது என்றே சொல்வேன். நிலம் இருந்தது, கணக்கும் இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு கட்டாகத் தளர்ந்தது. 1790 ஏப்ரலில் அதைச் செல்லுபடியாகும் பணமாக்கி வட்டியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வட்டியே போனது, உச்சவரம்பு 120 கோடி ஆனது. மக்கள் வெள்ளிக்காசைப் பதுக்கியதால் சில்லறை காணாமல் போனது. 1791-இல் 5 லிவ்ர் நோட்டு வந்தது, 1792 ஜனவரி ஆணைப்படி 10, 15, 25, 50 சூ நோட்டுகள் வந்தன. ரொட்டி வாங்கும் கைக்கும் இனி தாள்தான். அந்த ஏப்ரலில் போர் தொடங்கியது. 1796 தொடக்கத்தில் கணக்குப் பார்த்தபோது அச்சடித்த மொத்தம் சுமார் 4,500 கோடி லிவ்ர். பிப்ரவரி 19-இல் பாரிஸின் வாந்தோம் சதுக்கத்தில், ஊர் பார்க்க, அச்சு இயந்திரங்களை உடைத்து நொறுக்கினார்கள். அதற்குப் பதிலாக, 30-க்கு 1 என்ற வீதத்தில், மாந்தா என்ற புதுத் தாள் வந்தது. அதுவும் ஒரு வருடம் தாங்கவில்லை.

எரித்ததும் உண்டுதான். ஆனால் எரிந்ததைவிட அச்சானது பல மடங்கு. தவிர, மதிப்பிழந்த நோட்டை வைத்திருந்தவனை யாரும் வீடு புகுந்து தேடவில்லை. அவன் அதைப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு மறந்துபோனான். அதனால்தான் 10 சூவும் 50 லிவ்ரும் இன்றும் மலிவு. வெட்டாத முழுத் தாள்கள்கூடக் கிடைக்கின்றன.

இதற்குள்ளேயே விலை ஏறும் இடங்கள் உண்டு. தொடக்கக் கால அசிஞ்ஞாக்களில் பதினாறாம் லூயியின் முகம் இருக்கும். 1793 ஜனவரியில் அரசன் தலை போனதும் ஒரு விசித்திரம் நடந்தது. நாளைக்கு முடியாட்சி திரும்பினால் அரசன் முகம் போட்ட தாளுக்கு மட்டும் பணம் தருவார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் அதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். ஒரே அரசாங்கத்தின் ஒரே தொகைக்கு இரண்டு விலை. 1793 ஜூலை 31-இல், தேசிய மாநாடு என்ற பெயரில் ஆண்ட புரட்சி அரசு, அரசன் முகம் கொண்ட 100 லிவ்ருக்கு மேற்பட்ட நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. செல்லாததாக்கி வாங்கி ஒழித்த வரிசை அது, அதனால் அந்தப் பெரிய மதிப்புகளுக்கு இன்று கை நிறையக் கொடுக்க வேண்டும். செத்த விதம் விலையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரே நாட்டுக்குள் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பல அசிஞ்ஞாக்களின் ஓரத்தில் இரண்டு வாக்கியங்களைப் பார்க்கலாம்: கள்ளநோட்டு அடிப்பவனுக்குச் சட்டம் மரண தண்டனை தரும், காட்டிக்கொடுப்பவனுக்குத் தேசம் வெகுமதி தரும். அப்படியும் கள்ளநோட்டு நிற்கவில்லை. இங்கிலாந்தில் அடித்த கள்ள அசிஞ்ஞாக்கள் 1795-இல் பிரான்சின் கிபெரோன் கரையில் முடியாட்சிவாதிகள் இறங்கியபோது அவர்களோடு வந்து இறங்கின. அந்தக் காலத்துக் கள்ளநோட்டையே தனியாகச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வரலாற்றைப் பொறுத்தவரை அது பொய்ப் பொருள் இல்லை, போரில் பயன்பட்ட ஆயுதம்.

ரஷ்யாவில் அளவு இன்னும் பெரிது, தாள் இன்னும் மட்டம். 1917-இல் இடைக்கால அரசு வெளியிட்ட 20, 40 ரூபிள் தாள்களை மக்கள் அந்த அரசின் தலைவர் கேரென்ஸ்கி பெயரால் 'கேரென்கி' என்றார்கள். அதில் தேதி இல்லை, வரிசை எண் இல்லை, கையெழுத்து இல்லை. பெரிய தாளாகக் கொடுப்பார்கள், வேண்டிய அளவு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். லெனினின் போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வந்த பிறகும் இதையே அச்சடித்தார்கள், ஜார் காலத்து அச்சுத் தகடுகளையும் விடவில்லை. இங்கே புதியவர்கள் சறுக்குவார்கள். 1909 என்று தேதி போட்ட 5 ரூபிள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜார் காலத்தது என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தேதி வடிவம் அறிமுகமான ஆண்டு, தாள் அச்சான ஆண்டு வேறு. கையெழுத்தையும் வரிசை எழுத்துகளையும் பார்த்தால்தான் அது ஜார் நிக்கோலஸ் காலத்ததா லெனின் காலத்ததா என்று தெரியும். இது ஒன்றைக் கற்றுக்கொண்டாலே ரஷ்ய நோட்டு ஆல்பம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

1919 முதல் வந்த சோவியத் தாள்களில் 'உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்' என்ற முழக்கம் ஏழு மொழிகளில் இருக்கும். சீனமும் அரபியும் அதில் உண்டு. பாலக்காட்டுப் பக்கத்து மலையாள நண்பர்கள் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். கொடுக்கவும் எளிது, ஏனென்றால் மலை மலையாக அடித்தார்கள். 1922-இல் புது ரூபிள் ஒன்றுக்குப் பழையது 10,000, 1923-இல் அந்தப் புதியதில் 100-க்கு ஒன்று, 1924-இல் அதிலும் 50,000 கொடுத்தால் தங்க ரூபிள் ஒன்று. பூஜ்யங்களை வெட்டிக்கொண்டே போன அந்த மூன்று ஆண்டுத் தாள்களை வரிசையாக அடுக்கினால் விலைவாசி வரலாறு தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

மெக்சிகோவை வேகமாகக் கடக்கிறேன், அது தனிக் கடல். 1913-க்குப் பிறகு ஒவ்வொரு தளபதியும் தனக்கென நோட்டு அடித்தார். அவர்களில் ஒருவரான பாஞ்சோ வில்லாவின் வெள்ளைத் தாளைப் 'படுக்கை விரிப்பு' என்றே அழைத்தார்கள். புரட்சித் தலைவர்கள் மதேரோ, கொன்சாலெஸ் ஆகிய இருவரின் படம் போட்ட இன்னொன்றுக்கு 'இரு முகம்' என்று பெயர். எந்தப் படை ஊருக்குள் நுழைகிறதோ அதன் நோட்டுத்தான் அன்று செல்லும். 1915-இல் செலாயாப் போரில் வில்லா தோற்றதோடு அவர் தாளும் தோற்றது. வென்ற தரப்பின் தலைவர் கர்ரான்சா 1916-இல் நியூயார்க்கில் நேர்த்தியாக அச்சடித்துக் கொண்டுவந்த நோட்டுக்கு 'கள்ளநோட்டு அடிக்க முடியாதது' என்று பெயர் வைத்தார். கள்ளநோட்டுத் தேவைப்படாத வேகத்தில் அசலே அந்த ஆண்டுக்குள் மதிப்பிழந்தது.

இனி எதிர்ப்பக்கம். தோற்ற புரட்சி, வென்றவன் வேட்டையாடிய நோட்டு. ஆஸ்திரியப் பேரரசுக்கு எதிராக எழுந்த 1848-49 ஹங்கேரியில் கொசுத் லாயோஷ் நிதியமைச்சராக இருந்து வெளியிட்ட நோட்டுகளை ஆஸ்திரியா புரட்சியை அடக்கிய பிறகு செல்லாததாக்கியது. ஒப்படைக்கச் சொல்லி, குவித்து எரித்தது. நாட்டுப்பற்றால் ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் புண்ணியத்தில்தான் இன்று பார்க்கிறோம்.

கதை அதோடு நிற்கவில்லை. நாடு கடந்த கொசுத் 1852-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அடுத்த புரட்சிக்காக முன்கூட்டியே நோட்டு அடித்தார். 1861-இல் லண்டனில் டே என்ற அச்சகத்தில் மறுபடியும் ஒரு பெரும் குவியல். ஆஸ்திரியப் பேரரசர் ஆங்கில நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். ஒரு சக்கரவர்த்தி இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் ஓர் அகதி மேலும் அச்சகத்தார் மேலும் தடை கேட்டு நிற்கிறார்! வென்றார், லண்டன் தாள்கள் அழிக்கப்பட்டன. பிலடெல்பியாத் தாள்களை யாரும் தொடவில்லை. அடுத்த புரட்சி வரவேயில்லை, எனவே அவை புழக்கத்துக்கே போகவில்லை. இன்று ஒரு மடிப்புக்கூட இல்லாமல், மலிவாக, ஏராளமாகக் கிடைக்கும் 'கொசுத் நோட்டு' இந்த பிலடெல்பியா மிச்சம்தான். விற்கிறவர்கள் சிலர் அதைக் காட்டி 1848 புரட்சி நோட்டு என்பார்கள். தாள் அசல், சொல்லும் கதைதான் வேறு ஒன்றுடையது.

தானாக மதிப்பிழந்தது, வேட்டையாடி எரித்தது ஆகிய இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது அமெரிக்கப் புரட்சி நோட்டு. 1775 முதல் காங்கிரஸ் வெளியிட்டது சுமார் 24 கோடி டாலர். நியூயார்க்கைப் பிடித்து வைத்திருந்த ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து கள்ளநோட்டும் பெருகியது. 1780-இல் காங்கிரஸே 40 தாள் டாலருக்கு 1 வெள்ளி டாலர் என்று இறங்கி வந்தது, 1790 சட்டத்தில் 100-க்கு 1 என்று கடன்பத்திரமாக மாற்றிக்கொண்டார்கள். அதாவது கொஞ்சமேனும் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிய நோட்டு இது. எனவே அசிஞ்ஞா அளவுக்கு மிஞ்சவில்லை. தாளுக்குள் நீல நூலும் அபிரகத் துகளும் கலந்திருக்கும். பெஞ்சமின் பிராங்க்ளினின் யோசனைப்படி இலையின் நரம்பை அப்படியே அச்சில் எடுத்திருப்பார்கள், எந்தச் சிற்பியும் அதைப் பார்த்துச் செதுக்கிவிட முடியாது. 1776 பிப்ரவரித் தேதியிட்ட, ஒரு டாலருக்குக் குறைந்த மதிப்புள்ள நோட்டுகளில் சூரியக் கடிகாரமும், பதின்மூன்று வளையச் சங்கிலியும், உன் வேலையைப் பார் என்ற வாசகமும் இருக்கும். அவற்றுக்குத்தான் போட்டி அதிகம்.

சீனாவில் 1932-இல் ரூயிஜின் நகரில், கம்யூனிஸ்டுகள் தங்கள் வசமிருந்த பகுதியில் அமைத்த சீன சோவியத் குடியரசின் தேசிய வங்கி தொடங்கியது. மாவோவின் தம்பி மாவோ சமின்தான் அதன் தலைவர். அந்த ஒரு யுவான் நோட்டில் லெனின் படம். செஞ்சேனை அந்த இடத்தை விட்டு 1934-இல் நெடும்பயணம் கிளம்பியதும் எதிரிப் படை உள்ளே வந்தது, அந்த நோட்டு வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்தானது. தப்பிப் பிழைத்தவை குறைவு. சீனாவிலேயே வாங்குவதற்கு ஆள் அதிகம். விலையைப் பார்த்துவிட்டு நாம் மெதுவாக நகர வேண்டியதுதான். மலிவாகக் கிடைத்தால் அது நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எத்தனை தாள் மிஞ்சியது என்ற பாதி. வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது மறுபாதி, அதில் நம் எல்லைக்கென்று ஒரு சுவை உண்டு. 1957-இல் வாக்குப்பெட்டி வழியாகக் கம்யூனிஸ்ட் அமைச்சரவை கண்ட மாநிலம் கேரளம். பஸ் ஸ்டாப்புச் சுவரில் சே குவேராவைப் பார்க்காமல் பாலக்காடு போய்ச் சேர முடியாது. எனவே கியூபா நோட்டுக்கு இங்கே தனி மவுசு. 1959 நவம்பரில் சே கியூபா தேசிய வங்கியின் தலைவரானார். அவர் காலத்து நோட்டுகளில் தன் முழுப்பெயரைப் போடாமல் 'சே' என்று மட்டும் கையெழுத்திட்டார். 1961 ஆகஸ்டில் கியூபா தன் நோட்டு அத்தனையையும் திடீரென மாற்றியது, வெளிநாட்டுக்கு ஓடியவர்கள் கொண்டுபோன பணம் ஒரே வாரத்தில் வெறும் தாளானது. செக்கோஸ்லோவாகியாவில் அச்சான அந்தப் புதிய வரிசையிலும் 'சே' கையெழுத்து உண்டு.

ஆனால் இந்த ஊரில் 'சே நோட்டு' என்று கைமாறுவது பெரும்பாலும் அவர் படம் போட்ட 3 பெசோ நோட்டு. அது 1980-களில் தொடங்கி வந்தது, சுற்றுலாப் பயணிகள் கட்டுக்கட்டாக வாங்கிப்போவது. படமும் கையெழுத்தும் ஒன்றில்லை. ஒன்று அவர் இறந்த பிறகு அவருக்குச் செய்த மரியாதை, மற்றது அவர் பதவியில் போட்ட ஒப்பு. விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

தமிழ் வீடுகளில் கேட்பது வேறு. ஆசாத் ஹிந்த், நேதாஜி வெளிநாட்டில் அமைத்த சுதந்திர இந்திய அரசு. அதன் படையான ஐ.என்.ஏ.வில் மலேயாத் தமிழர்களும் மலையாளிகளும் திரளாகச் சேர்ந்தார்கள். அதில் பெண்கள் படையை நடத்திய கேப்டன் லட்சுமியின் தாய்வழிக் குடும்பம் இதே பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரை. 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி தொடங்கியதும் வரலாறு. ஆனால் நேதாஜி படத்தோடு இணையத்தில் ஓடும் 'ஆசாத் ஹிந்த் நோட்டு'களை நான் ஒன்றுகூட நம்பி வாங்கமாட்டேன். ஆசை அதிகம், அசல் மிக அரிது, ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் பொருள் இல்லை. போலிக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? எந்தக் குடும்பம், யார் வழியாக வந்தது என்ற தொடர்ச்சி காட்டினால் பேசலாம்.

மலேயா, பர்மா போய்த் திரும்பிய தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் உண்மையில் கிடைப்பது ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு. மலேயாவுக்கானதில் எம் எழுத்து, பர்மாவுக்கானதில் பி எழுத்து. போகப்போக வரிசை எண்ணையும் விட்டுவிட்டு எழுத்தை மட்டும் அடித்தார்கள். இது ஆக்கிரமிப்புப் பணம், புரட்சிப் பணம் இல்லை. 1945-இல் ஒரே நாளில் செத்தது, எல்லோர் வீட்டிலும் கிடந்தது, அதனால் மலிவு. விற்றால் ஒரு சாப்பாட்டுக் காசு வரலாம். விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. எந்தத் தோட்டத்தில் தாத்தா வேலை பார்த்தார், எப்போது திரும்பினார் என்பதைத் தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அப்படி ஒரு தாள் கூட இருக்கும் வாழைமர நோட்டு சந்தையில் கிடைக்கிற மற்றதைப்போல இல்லை.

சரி, அசலா என்று எப்படிப் பார்ப்பது? பேக்கரியிலும் பெட்ரோல் பங்கிலும் ஐநூறு ரூபாய் நோட்டு சோதிக்க வைத்திருக்கும் நீல விளக்கே முதல் படி. அசிஞ்ஞாக் காலத்துத் தாள் கந்தல் துணியில் செய்தது. விளக்கடியில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய தாள் என்று வைத்துவிடலாம். ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, பழுப்பு நிறத் தாளில் அடித்த நினைவுப்பொருள் நகல்கள் இதில் தப்பிக்கும். அடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீரோட்டக் குறியைப் பாருங்கள். பல அசிஞ்ஞாக்களில் மையில்லாமல் அழுத்திய முத்திரை இருக்கும், அதை விரல் நுனியால் தடவினால் மேடு பள்ளம் தெரியும், நகலில் படம் மட்டும்தான் இருக்கும். அமெரிக்க நோட்டில் எண்ணும் கையெழுத்தும் பேனாவால் போட்டவை. அவை அச்சு மையைப் போலவே ஒரே சீராகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக நம் ஊர் ஈரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் காற்று நுழைந்துவிட்டால் சுவரோடு ஒட்டிய இரும்பு பீரோவுக்குள்ளும் பூஞ்சை வரும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் மலிவான பி.வி.சி. உறை நாளானால் வியர்த்து மையோடு ஒட்டிக்கொள்ளும், மைலார் என்ற பாலியெஸ்டர் உறை கொஞ்சம் விலை கூடினாலும் அதுதான் வேண்டும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையை ஆல்பத்துக்குள்ளேயே போடுகிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள். வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து பீரோவின் மூலையில், தாளில் படாமல். கழுவுவது, இஸ்திரி போடுவது, செலோடேப் ஒட்டுவது மூன்றும் கூடாது. லேமினேஷன் செய்த அசிஞ்ஞாவை என்னிடம் காட்டியிருக்கிறார்கள். அதைப் பிரித்தெடுக்க வழியில்லை, வாங்கவும் ஆளில்லை.

தொடங்குகிறவர் 10 சூ அசிஞ்ஞா ஒன்று, கேரென்கி ஒரு துண்டு, ஏழு மொழி சோவியத் தாள் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் போதும். மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல வேட்டி விலைக்கு மேல் அதிகம் போகாது. சீனத்தையும் ஆசாத் ஹிந்தையும் கண் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.